சிற்றுயிரின் பெருமிதம்

சிறுவர்க்கென வரும் கதைகளிலே சிங்கம் வீரங் காட்டினால் அதிலே கதையொன்றுமில்லை. சிங்கத்துக்கு உடம்பு பெரிது, குரல் பெரிது, வீரம் அதனுடன் பிறந்தது. எறும்பும் எலியும் குருவிக் குஞ்சும் வீரங் கொள்ளுமிடத்தேதான் கதை பிறக்கின்றது. இதனைக் கதை சொல்லும் பாட்டிமார் அறிந்திருந்தனர். அசைவூட்டப் படம் ஆக்குவோரும் அறிந்திருக்கின்றனர். சிறுவர் 'கார்ட்டூன்' என்று வழங்கும் படங்களையே அசைவூட்டப் படம் என்கின்றேன். சிற்றுயிர் அஞ்சுவதும், பின் அவ்வச்சம் நீங்கித் தலை நிமிர்வதும் அக்கலைக்கு ஓயாத பொருளாகவே இருந்து வருகின்றன.

பொருள் நல்லது. ஆனால் அப்பொருளைக் கையாளும் வகைதான் பெரும்பாலும் மனநிறைவு தருவதில்லை. படத்தின் முற்பாதியிலே எலிக்குஞ்சு நடுங்குகின்றது. பிற்பாதியிலே எங்கிருந்தோ ஒரு கிழ ஆமை வந்து, 'உன்னை நீ நம்பு' என்று அறிவுரை பகர்கின்றது. உடனே வாத்திய இசை ஓங்குகின்றது, எலிக்குஞ்சு பூனையின் மேற் பாய்கின்றது, பூனை ஓடுகின்றது, படம் முடிகின்றது. பார்த்திருந்த சிறுவன் கைதட்டுகின்றான். ஆனால் அவன் எந்த அச்சத்தோடு வந்தானோ அந்த அச்சத்தோடேயே வீடு திரும்புகின்றான். ஏன்? எலிக்கு வீரம் எங்கிருந்து வந்ததென்று படம் அவனுக்குக் காட்டவில்லை.

1910ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த ஒன்றை ஈண்டு நினைத்தல் தகும். இன்று லித்துவேனியாவிலுள்ள கௌனாஸ் நகரிலே இயற்கை வரலாற்று நூதனசாலை ஒன்றின் தலைவராயிருந்தவர் ஸ்தாரெவிச் என்பவர். கலைமானின் கொம்பு போலக் கவடுபட்ட தாடைகளையுடைய வண்டினம் ஒன்றுண்டு. அவ்வினத்து ஆண்வண்டுகள் தம்முட் பொருவதைப் படம் பிடிக்க அவர் விரும்பினார். அவை இருளில் இயங்கும் உயிர்கள். கமராவுக்காக விளக்கை ஏற்றியதும் போரை மறந்து அசையாது கிடந்துவிட்டன. ஸ்தாரெவிச் என்ன செய்தார்? செத்த வண்டுகளை எடுத்தார். கால்களைக் கம்பியால் இணைத்தார். சிறிது சிறிதாக நிலை மாற்றி, ஒவ்வொரு நிலையையும் தனித்தனிப் படமாக எடுத்தார். சுருளை ஓட்டியபோது செத்த வண்டுகள் எழுந்து சமர் செய்தன. பொம்மைகளை அசையவைத்து எடுக்கும் படக்கலையின் முன்னோடிகளுள் ஒருவராக அவரை இன்றும் உலகம் போற்றுகின்றது.

அவர் கலைத்திறன் வியத்தற்குரியது. அதனைக் குறை கூறுதல் என் நோக்கமன்று. ஆனால் அந்நிகழ்ச்சி எனக்கு ஓர் உவமையாகப் பயன்படுகின்றது. உயிருள்ள வண்டு அசையவில்லை. செத்த வண்டு போர் செய்தது. அப்போர் வண்டினுடையதா? அன்று, கம்பியினுடையது. கிழ ஆமையின் அறிவுரையும் ஓங்கிய இசையும் எலிக்குஞ்சுக்குக் கட்டிய கம்பிகளே. இன்று சிறுவர்க்காகச் செய்யப்படும் படங்கள் பலவற்றிலே நாம் காண்பது கம்பி கட்டிய வீரம்.

அங்ஙனமாயின் உயிருள்ள வீரம் எங்கே பிறக்கின்றது? இவ்வினாவோடு தொல்காப்பியரிடம் போகலாம். பழம்பெரும் புலவரைக் கார்ட்டூனுக்குச் சாட்சி அழைப்பதா என்று சிலர் நகைக்கக்கூடும். நகையும் மெய்ப்பாடுதானே! எண்வகை மெய்ப்பாடுகளில் முதலாவதே அது. அகத்தில் நிகழ்வது மெய்யிற் புலப்படுதல் மெய்ப்பாடு. பேச்சின்றி, உடம்பின் அசைவினாலேயே உள்ளத்தைக் காட்டவேண்டிய ஒரு கலைக்கு மெய்ப்பாட்டியலை விட அணுக்கமான நூல் வேறெதுவென்று நான் அறியேன்.

அவ்வெட்டினுள் நான்காவது மருட்கை, ஐந்தாவது அச்சம், ஆறாவது பெருமிதம், ஏழாவது வெகுளி. மருட்கையாவது வியப்பு. பெருமிதம் என்பதனுள் வீரம் அடங்கும். இவ்வரிசையை ஒரு படிக்கட்டென்று தொல்காப்பியர் சொல்லவில்லை. சொன்னாரென்று நானும் சாதிக்க வரவில்லை. ஆயினும் அயலவர் யார் யார் என்று நோக்குதல் பயனுடைத்து. அச்சத்தின் ஒருபுறத்து அயல்வீடு வியப்பு. மறுபுறத்து அயல்வீடு பெருமிதம். வெகுளியோ பெருமிதத்துக்கும் அப்பால் இருக்கின்றது. கம்பி கட்டும் படங்கள் அச்சத்தினின்றும் நேரே வெகுளிக்குத் தாவுகின்றன. சினந்து பாய்வதே வீரமென்று சிறுவனுக்குக் கற்பிக்கின்றன. நல்ல படங்களோ அச்சத்தை வியப்பின் கையிற் பிடித்துக் கொடுக்கின்றன. பெருமிதம் அங்கே தானே வந்து சேர்கின்றது. நான் இங்கே சொல்ல வந்தது இவ்வளவே. இரண்டு படங்களைக் கொண்டு இதனை விளக்குவேன்.

முதலாவது, அமெரிக்காவிலே பிக்ஸார் நிறுவனம் 2016 இல் வெளியிட்ட 'பைப்பர்' என்னும் குறும்படம். ஆக்கியவர் அலன் பரில்லாரோ. ஓடும் நேரம் ஏறக்குறைய ஆறு நிமிடம். பேச்சு ஒரு சொல்லுமில்லை. 2017 இல் சிறந்த அசைவூட்டக் குறும்படத்துக்குரிய ஒஸ்கார் விருதினைப் பெற்றது. கதை மிக எளியது. கடற்கரையிலே உள்ளான் குஞ்சு ஒன்று. அலை பின்வாங்கும்போது பறவைகள் ஓடிச்சென்று ஈரமணலில் மட்டியைக் கொத்துகின்றன. அலை திரும்பும்போது ஓடி வருகின்றன. குஞ்சு வாயைத் திறந்து கொண்டு தாயிடம் இரை கேட்கின்றது. தாய் ஊட்டவில்லை; நீயே வந்து எடு என்று அழைக்கின்றது. குஞ்சு இறங்குகின்றது. பேரலை ஒன்று வந்து அதனை மூடுகின்றது. நனைந்து நடுநடுங்கிய குஞ்சு கூட்டினுட் புகுந்து கொள்கின்றது. பின்னர்க் கடலென்றாலே ஓட்டம்.

இனிமேல்தான் படத்தின் உயிர்நிலை. தாய் அறிவுரை கூறவில்லை. குஞ்சைக் கோழையென்று பழிக்கவுமில்லை. பசி குஞ்சை மறுபடியும் கரைக்குக் கொணர்கின்றது. அங்கே தன்னினும் சிறிய ஓர் உயிரை அது காண்கின்றது. சங்கின் ஓட்டினுட் குடியிருக்கும் நண்டுக்குஞ்சு அது. அலை வரும்போது அந்நண்டு ஓடவில்லை. மணலைத் தோண்டி உள்ளே பதுங்குகின்றது. அலை மேலே போய்விடுகின்றது. உள்ளான் குஞ்சும் அவ்வாறே செய்கின்றது. அலை மூடுகின்றது. குஞ்சு கண்ணை இறுக மூடிக்கொள்கின்றது. நண்டு அதனைத் தட்டிக் கண் திறக்கச் செய்கின்றது. திறந்த கண்ணுக்கு முன்னே என்ன? நீருக்கடியிலே ஒளி படர்ந்திருக்கின்றது. மணலிற் புதைந்திருந்த மட்டிகளெல்லாம் வெளிப்பட்டு நிற்கின்றன. மேலே நின்று பார்த்தபோது கொல்ல வந்த கடல், உள்ளே நின்று பார்த்தபோது அள்ளித் தரும் கடலாயிருந்தது. அக்கணத்திலே அச்சம் வியப்பாயிற்று. அதன்பின் அக்குஞ்சைக் கடலிலிருந்து பிரிக்க எவராலும் இயலவில்லை. தான் உண்டதோடமையாது ஏனைய பறவைகளுக்கும் மட்டியைத் தேடித் தேடிக் கொண்டுவந்து கொடுக்கின்றது.

பெருமிதம் பிறக்குமிடம் நான்கென்பர் தொல்காப்பியர்: கல்வி, தறுகண், இசைமை, கொடை. தறுகணாகிய அஞ்சாமை அவற்றுள் ஒன்றே. குஞ்சு நண்டினிடத்துக் கற்றது, அது கல்வி. மறுபடியும் அலைமுன் நின்றது, அது தறுகண். பெற்றதைப் பிறர்க்கு ஈந்தது; அது கொடை. இசைமையாகிய புகழை அது தேடவில்லை. அது தானே பின்வந்தது. ஆறு நிமிடப் படத்துக்குள் நான்கும் அடங்கின. பரில்லாரோ தொல்காப்பியம் படித்தவரென்று சொல்லவில்லை. உள்ளம் இயங்கும் வகையை உற்று நோக்கிய இருவர், ஈராயிரம் ஆண்டு இடைவெளியிலும் ஒரிடத்தே வந்து சேர்வர் என்பதே என் கருத்து.

கரைப்பறவையும் கடலும் என்றவுடன் பஞ்சதந்திரக் கதையொன்று பலர்க்கும் நினைவில் வரும். திட்டிபம் என்னும் கரைப்பறவையின் முட்டைகளைக் கடல் கவர்ந்து கொண்டது. கடலையே வற்றச் செய்வேனென்று பறவை வெகுண்டது. மற்றைப் பறவைகளைத் துணை சேர்த்தது. முறையீடு கருடனிடம் போய், கருடன் வழியே திருமாலிடம் சென்றது. திருமால் வெகுளவே கடல் அஞ்சி முட்டைகளை மீளக் கொடுத்தது. அரசநீதியையும் துணைவலியையும் கற்பிக்க அக்கதை மிகச் சிறந்தது. அதன் பொருட்டே அது பிறந்தது. ஆனால் கடலை அஞ்சும் குஞ்சுக்கு அக்கதை உதவுமா? பின்னே நிற்கும் பெருந்துணையைக் கண்டு கடல் பணிந்ததேயன்றிப் பறவைக்கும் கடலுக்கும் உறவு உண்டாகவில்லை. முதற்கதையிலே வெகுளி, இரண்டாவதிலே வியப்பு. இரண்டும் வேறு வேறு பள்ளிக்கூடங்கள்.

இனி இரண்டாவது படம். மொஸ்கோவிலே சோயுஸ்முல்த்ஃபில்ம் என்னும் அரசாங்கப் படநிலையத்திலே 1975 இல் யூரி நோர்ஷ்டெய்ன் ஆக்கிய 'மூடுபனியில் முள்ளெலி'. கதையை எழுதியவர் செர்கேய் கஸ்லோவ். சித்திரங்களைத் தீட்டியவர் நோர்ஷ்டெய்னின் மனைவியாராகிய பிரான்செஸ்கா யார்புசோவா. பத்து நிமிடத்துக்குச் சிறிது மேல் ஓடும்.

முள்ளெலி ஒன்று பழப்பாகு முடிச்சொன்றைக் கையிற் கொண்டு, தன் நண்பனாகிய கரடிக்குட்டியின் வீட்டுக்கு மாலைப்பொழுதிற் போகின்றது. இருவரும் கூடியிருந்து நட்சத்திரங்களை எண்ணுவது அவர்கள் வழக்கம். இடைவழியிலே மூடுபனியினிடையே ஒரு வெண்குதிரை தோன்றுகின்றது. குதிரை படுத்து உறங்கினால் பனியிலே மூச்சுத் திணறுமோ என்று முள்ளெலிக்கு ஓர் ஐயம். உள்ளே எப்படி இருக்கும் என்று பார்க்க, பனிக்குள் இறங்குகின்றது. இறங்கியதும் தன் கையே தனக்குத் தெரியவில்லை. ஆந்தை ஒன்று தோன்றி மறைகின்றது. வௌவால்கள் பறக்கின்றன. காய்ந்த இலை விழுந்தாலும் நெஞ்சு நடுங்குகின்றது. பழப்பாகு முடிச்சும் தவறிப்போகின்றது. எங்கிருந்தோ வந்த ஒரு நாய் முடிச்சைக் கொண்டுவந்து கொடுத்துப் போகின்றது. பின் ஆற்றில் விழுந்த முள்ளெலியை, முகந்தெரியாத ஓருயிர் தன் முதுகிற் சுமந்து கரை சேர்க்கின்றது. கரடிக்குட்டி காத்திருக்கின்றது; ஓயாது பேசுகின்றது. முள்ளெலியோ அருகில் இருந்துகொண்டே அக்குதிரையை நினைக்கின்றது.

இப்படத்திலே பகைவன் எவனுமில்லை, வெற்றியுமில்லை. 'இதிலே வீரம் எங்கே?' என்று கேட்பவர் உண்டு. அச்சம் தோன்றுமிடம் நான்கென்று தொல்காப்பியர் வகுத்தார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. முள்ளெலிக்கு ஆந்தை விலங்கு. உருத்தெரியாத பனியே அணங்கு. இவ்விரண்டின் நடுவே, 'அந்தக் குதிரை எப்படி இருக்கின்றதோ' என்னும் வினாவை அது கைவிடவில்லை. ஆற்றிலே மிதந்தபோது அலறிக் கைகால் அடிக்காது, ஆறு கொண்டு போகட்டும் என்று தன்னை ஒப்புக்கொடுத்தது. நாயும் முகந்தெரியா உயிரும் செய்த உதவியை ஏற்றுக்கொண்டது. இவையும் வீரத்தின் கூறுகளே. உதவியை ஏற்பவன் கோழையென்று யார் சொன்னார்? கரை சேர்ந்தபின் அது தன் துன்பத்தை எண்ணவில்லை, குதிரையை எண்ணிற்று. அச்சம் வந்து போயிற்று; வியப்பு நிலைத்தது.

இவ்விரு படங்களும் ஆக்கப்பட்ட முறையினையும் சிறிது நோக்குவோம். இத்தகைய படமொன்றைத் தாமும் செய்யக் கருதும் இளைஞர்க்கு அது பயன்படும். படச்சுருளில் ஒரு விநாடிக்கு இருபத்துநான்கு சட்டகங்கள். ஆறு நிமிடப் படமென்றால் 8,640 சட்டகம். பத்து நிமிடமென்றால் 14,400. ஒவ்வொன்றும் ஒருவர் எண்ணிச் செய்தது. இத்துணை உழைப்பை விழுங்கும் கலையிலே வீண்பேச்சுக்கு இடமில்லை. குறும்படம் தாங்கக்கூடியது ஒரே ஒரு திருப்பம். அத்திருப்பம் எதுவென்று முதலிலே துணிந்துகொள்ளாதவன் எத்தனை ஆயிரம் சட்டகம் வரைந்தும் பயனில்லை.

நோர்ஷ்டெய்ன் தம் உருவங்களைத் துண்டு துண்டாக வெட்டி, ஒன்றின்மேலொன்றாக அமைந்த கண்ணாடித் தட்டுகளிற் பரப்பி, மேலேயிருந்து கமராவால் எடுத்தார். மூடுபனிக்கு அவர் கையாண்ட வழி மிக எளியது. மெல்லிய தாளொன்றைச் சித்திரத்தின்மேல் இட்டு, சட்டகத்துக்குச் சட்டகம் சிறிது சிறிதாகக் கமராவை நோக்கி உயர்த்தினார். தாள் உயர உயர உருவம் மங்கிக் கரைந்தது. ஒரு தாள்தான்! ஆனால் அது காண்பவர் நெஞ்சில் அணங்காகி விடுகின்றது. பொருளின் விலையிலன்றி நோக்கின் நுண்மையிலே கலை இருக்கின்றது.

பிக்ஸார் நிறுவனத்தாரிடம் பெருங் கணினிகள் இருந்தன. எனினும் 'பைப்பர்' படக்குழுவினர் கடற்கரைக்குப் போய் மெய்ப்பறவைகளின் நடையைக் கண்டறிந்த பின்னரே பணி செய்தனர். குஞ்சின் கண்மட்டத்துக்கு நம் கண்ணை இறக்கி, மணற்பொடியையும் கல்லெனக் காணும்படி செய்தனர். அதே நிறுவனத்தார் 1998 இல் எறும்புகளைப் பற்றிய நெடும்படம் ஒன்றை ஆக்கியபோது, மிகச் சிறிய கமரா ஒன்றை விளையாட்டுச் சக்கரத்தின்மேல் ஏற்றிப் புல்லினூடே உருட்டி, பூச்சியின் கண்ணுக்கு உலகம் எப்படித் தோன்றுமென்று பார்த்தனர். புல் மரமாயிற்று, இலை கூரையாயிற்று. மருட்கை தோன்றும் நான்கிடங்களைச் சொல்லுமிடத்து, புதுமை, பெருமை, ஆக்கம் என்பவற்றோடு சிறுமையையும் தொல்காப்பியர் சேர்த்திருக்கின்றார். பெரியது வியப்புத் தருமென்பதை யாவரும் அறிவர். சிறியதும் வியப்புத் தருமென்று கண்டவரே புலவர். சிற்றுயிரைப் பற்றிப் படஞ் செய்பவன் அதனைப் பெரிதாக்க வேண்டியதில்லை. மாயமருந்து கொடுத்து மலையளவு வளர்க்க வேண்டியதில்லை. தான் குனிந்தாற் போதும்.

'சிறுவர்க்கு அச்சத்தை இவ்வளவு விரித்துக் காட்டுவது நன்றா? அவர்கள் மேலும் அஞ்சமாட்டார்களா?' என்று பெற்றோர் சிலர் கேட்பர். சிறுவர் அச்சத்தைப் படத்திற் கற்பதில்லை, உடன்கொண்டே வருகின்றனர். இருளை அஞ்சுகின்றனர், கரும்பலகைக்கு முன்னே எழுந்து நிற்பதை அஞ்சுகின்றனர், தம் இறையை அஞ்சுகின்றனர். இறை என்பதனுள் ஆசிரியரையும் அடக்கலாமோ என்று மாணாக்கரைக் கேட்டால், அவரைத்தான் முதலில் அடக்குவர்! தம்முள்ளே இருப்பதைத் திரையிற் காணும் சிறுவன், 'இது எனக்கு மட்டும் உள்ளதன்று' என்று ஆறுதல் கொள்கின்றான். அச்சத்தை மறைக்கும் படமே அவனைத் தனியனாக்குகின்றது.

இன்னொரு தடை: 'வியப்பு இடர்க்குள் இழுத்துவிடுமே, முள்ளெலி ஆற்றில் விழுந்ததே!' உண்மை. அஞ்சத்தக்கதை அஞ்சாமை அறியாமை என்பது வள்ளுவர் கருத்து. அதனை அவர் அறிவுடைமை அதிகாரத்திலே வைத்தது நோக்கத்தக்கது. ஆகவே அச்சம் குற்றமன்று. அது அறிவின் ஒரு கிளை. உள்ளான் குஞ்சு அலையை அஞ்சியது தவறன்று. அலை மெய்யாகவே அதனை உருட்டியது. அலைக்கு நடுவே எங்ஙனம் இருப்பதென்று கற்றபின் அவ்வச்சம் அளவுக்கு வந்தது. அஞ்சத்தக்கது இது, அஞ்சவேண்டாதது இது என்று பிரித்தறிவிப்பது கல்வி. அக்கல்விக்கு நெஞ்சைத் திறந்துவிடுவது வியப்பு. வெகுளி இவ்விரண்டில் ஒன்றையும் செய்யாது.

இது படஞ் செய்வார்க்கு மட்டும் உரிய செய்தியன்று. வகுப்பிலே நிற்கும் எமக்கும் உரியது. எழுந்து வாசிக்க நடுங்கும் பிள்ளையை நோக்கி, 'பயப்படாதே' என்று அதட்டுகின்றோம். அதட்டலே புதியதோர் அச்சமாகின்றது. மற்றப் பிள்ளைகளை நகைக்க விடுகின்றோம். அச்சத்தோடு இளிவரலும் சேர்கின்றது. பின் ஒருநாள் அப்பிள்ளை வெகுண்டு மேசையை உதைத்தால் ஒழுக்கமில்லை என்கின்றோம். அச்சத்தினின்றும் வெகுளிக்குப் பாதை அமைத்தவர் யார்? அவ்வாறன்றி, அவனினும் இளைய ஒருவன் அதே பாடத்தைத் தடுமாறித் தடுமாறி வாசித்து முடிப்பதை அவன் அருகிருந்து காணச் செய்தால் என்ன? பைப்பர் படத்து நண்டு செய்த வேலை அதுதான். ஆறு நிமிடப் படத்தைப் போட்டுக் காட்டி, 'குஞ்சு எப்போது கண்ணைத் திறந்தது?' என்று மட்டும் வகுப்பிலே கேட்டுப் பாருங்கள். விடைகள் ஒருமணிப் பாடத்துக்குப் போதும்.

இன்று கைப்பேசியும் ஒரு சிறு மென்பொருளும் இருந்தால் மாணாக்கரே அசைவூட்டப் படம் செய்துவிடலாம். ஸ்தாரெவிச் வண்டுக்குச் செய்ததை அவர்கள் களிமண் உருண்டைக்குச் செய்யலாம். செய்யட்டும். ஆனால் முதற் சட்டகத்தை எடுக்குமுன், தாம் எடுத்துக்கொண்ட உயிரின் முன்னே ஒருநாளாவது குனிந்திருக்கட்டும். அது எதனை அஞ்சுகின்றது, ஏன் அஞ்சுகின்றது, அஞ்சிய இடத்திலேயே அது இதுவரை காணாத எது இருக்கின்றது என்று கேட்கட்டும். மூன்றாவது வினாவுக்கு விடை கிடைத்துவிட்டால் படம் கிடைத்துவிட்டது. கிடைக்காவிடின் காத்திருக்கட்டும். கிழ ஆமையை மட்டும் அழைக்க வேண்டாம். வீரத்தை எவரும் எவருக்கும் கட்டிவிட முடியாது. கண்ணைத் திறக்க உதவலாம், அவ்வளவே.